ஒரு தாள் வரும் வரைக்கும்: துண்டு முதல் விசா வரை நம் தோட்டங்களின் காத்திருப்பு

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் உள்ளவர்கள் கடைசி வரை வாசியுங்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு விசா போட்டுவிட்டு வீட்டில் பிள்ளை காத்திருந்தால், அந்தப் பிள்ளைக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

மீரியபெத்த, கொஸ்லாந்தை, பூனாகலை, பண்டாரவளைப் பக்கம் இப்போது இப்படிப்பட்ட பிள்ளைகள் அங்கங்கே இருக்கிறார்கள். உயர்தரம் முடித்து, ஆங்கிலப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தையும் கையில் வாங்கிவிட்டார்கள். அப்பா அம்மா நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிவிட்டார்கள். விசா முடிவு மட்டும் வரவில்லை. கடைக்குப் போனால் "இன்னும் போகலையா?" என்ற கேள்வி. கோயிலுக்குப் போனாலும் பள்ளிக்குப் போனாலும் அதே கேள்வி. சில பிள்ளைகள் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்கள். பெரியவர்கள் சிலர் "எங்க காலத்துல இந்தக் கரைச்சல் எல்லாம் இருக்கல்ல" என்கிறார்கள்.

வரலாறு பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் அந்தக் கடைசி வார்த்தைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் தோட்டத்து மூத்தவர்கள் காத்திருந்த அளவுக்கு ஒரு தாளுக்காகக் காத்திருந்த சனம் இந்த நாட்டில் வேறு இல்லை. அந்தக் கதையைத் தெரிந்து வைத்திருந்தால், இன்று காத்திருக்கும் பிள்ளைக்குக் கொஞ்சம் தெம்பு வரும். என்ன செய்யக்கூடாது என்பதும் விளங்கும்.

*துண்டும் மண்டபமும்*

முதல் தாள் துண்டு. 1900களின் தொடக்கத்திலிருந்து கங்காணி தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் சேர்த்தபோது, எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று காட்டுவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கிடைத்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வழிச்செலவு முழுவதும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறியது. "துண்டு இருக்கா?" என்பதுதான் அன்றைய விசாக் கேள்வி.

1917க்குப் பிறகு இராமநாதபுரம் பக்கத்து மண்டபம் முகாம்தான் வாசல். சில நாட்கள் அங்கே தங்க வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மைப்பால் குத்தி, உடுப்புகளைப் புகை போட்டு எடுத்த பிறகே தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். பிறகு ரயில். உள்ளே வர அனுமதி கேட்டுக் காத்திருந்த முதல் இடம் அதுதான்.

அன்றைய காத்திருப்பு நாள் கணக்கில் இருந்தது. இங்கே ஆள் தேவைப்பட்டதால் கதவு சீக்கிரம் திறந்தது. இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வையுங்கள். தாள் கொடுக்கிறவருக்கு ஆள் தேவை என்றால் தாள் வேகமாக வரும். தேவை குறைந்தால் அதே தாளுக்கு வருடக்கணக்காகும். இன்றைய விசாவுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவரும்.

*"நீ உண்மையிலேயே இங்கே இருக்கப் போகிறாயா?"*

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தேன் என்று சொன்னால் போதாது, தகப்பனும் இங்கேதான் பிறந்தார் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புப் பதிவுக்கு எங்கே போவது? ஒரே சட்டத்தில் லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள்.

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இதில் பதுளை, பண்டாரவளை பக்கம் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் மாட்டினார்கள் என்பதை நம்மவர்கள் மறந்துவிட்டோம். சட்டத்தின் பெயரிலேயே பாகிஸ்தானும் இருக்கிறது. தோட்டத்துச் சனம், கடைக்காரர், வட்டிக்குக் கொடுத்தவர் எல்லாரும் ஒரே வரிசைதான்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. குடும்பஸ்தர் 7 வருடமும், தனியாள் 10 வருடமும் தொடர்ச்சியாக இந்த நாட்டில் வசித்ததை எழுத்தில் காட்ட வேண்டும். ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தலைவிதி இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் விசாரித்து முடித்தபோது பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர்தான்.

ஏன் மறுத்தார்கள் என்று பாருங்கள். தாயின் சாவுக்கு இந்தியா போனவர் ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. ஊருக்கு மாதாமாதம் காசு அனுப்பினால் மனசு இங்கே இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி கேட்டதன் சாரம் இவ்வளவுதான்: நீ உண்மையிலேயே இங்கே இருக்கப் போகிறாயா? மனதுக்குள் இருப்பதை ரசீதாலும் கடிதத்தாலும் நிரூபிக்கச் சொன்னார்கள்.

இன்றைய மாணவர் விசாவில் அந்தக் கேள்வி தலைகீழாக வருகிறது: நீ உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறாயா, படிப்பு முடிந்தால் போய்விடுவாயா? அவுஸ்திரேலியா 2024 மார்ச்சில் "உண்மையான மாணவர்" என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தது. தாத்தாவிடம் "இருப்பாயா?" என்று கேட்டார்கள். பேரப்பிள்ளையிடம் "போய்விடுவாயா?" என்று கேட்கிறார்கள். இருவரும் மனசைத் தாளில்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

*ஏழுக்கு நாலு*

1964 அக்டோபர் 30. புதுடில்லியில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேரை இலங்கை எடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று முடிவு. அந்த மிச்சத்தை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இந்தக் கணக்கைப் போடும்போது எந்த லயத்திலும் யாரிடமும் கேட்கவில்லை.

விண்ணப்பம் கேட்டபோது சனத்தின் மனசு தெரிந்தது. 3 லட்சம் இடம் வைத்திருந்த இலங்கைக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். 5,25,000 பேரை எடுப்பதாகச் சொன்ன இந்தியாவுக்குப் போன விண்ணப்பங்கள் அந்த எண்ணிக்கையைக்கூட எட்டவில்லை.

அதோடு ஒரு விகிதமும் இருந்தது. இந்தியாவுக்கு 7 பேர் என்றால் இலங்கையில் 4 பேருக்குப் பிரஜாவுரிமை. 1970களில் இதை, ஆட்கள் உண்மையிலேயே கப்பல் ஏறுவதோடு முடிச்சுப் போட்டார்கள். ஏழு பேர் தலைமன்னாரில் ஏறினால்தான் இங்கே நாலு பேரின் பைல் நகரும். உங்கள் பைலில் ஒரு குறையும் இல்லாமலேயே அது தேங்கிக் கிடக்கலாம். பக்கத்து லயத்துக் குடும்பம் போக மனமில்லாமல் அழுதுகொண்டு நின்றால், உங்கள் தாளும் அங்கேயே நிற்கும்.

விசா தாமதமாகும் பிள்ளைகள் "என் அப்ளிகேஷன்ல என்ன பிழை சேர்?" என்று கேட்பது வழக்கம். பிழை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த நாட்டின் தேர்தல், வீட்டு வாடகை, மாணவர் எண்ணிக்கைக்குப் போட்ட உச்சவரம்பு எல்லாம் உங்கள் பைலின் மேல் ஏறி உட்காரும். கனடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு அறிவித்தபோது, அதற்கு முதல் நாள் வரை நல்லதாக இருந்த விண்ணப்பம் மறுநாள் கெட்டதாகிவிடவில்லை. கதவுதான் சின்னதானது.

*காத்திருந்த வருடங்களில் பள்ளிக்கூடம்*

எனக்கு மனதில் தைப்பது இந்தப் பகுதிதான்.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. பெரும்பாலும் ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்தாம் வகுப்போடு சரி. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுக்க 1970களாகியது. அப்படிப்பட்ட காலத்தில், கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்த குடும்பங்கள் என்ன செய்திருக்கும்? "எப்படியும் போகப் போறோம், இங்க படிச்சி என்னத்துக்கு?" என்று பிள்ளையை நிறுத்தின. போகப் போகிற பிள்ளை என்று பள்ளிக்கூடமும் தேடவில்லை. பாஸ்போர்ட் வந்த பிறகு சேமலாப நிதிக் காசுக்குக் காத்திருப்பு. அதற்குப் பிறகு கப்பல் திகதிக்குக் காத்திருப்பு. எட்டு வயதில் நின்ற பிள்ளை இராமானுஜம் கப்பலில் ஏறும்போது வேலைக்குப் போகிற வயதாகிவிடும். அக்கரையில் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலை. அங்கே அவர்களுக்குச் "சிலோன்காரர்" என்று பெயர்.

1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்தது. விருப்பமில்லாதவர்களும் அப்போது கப்பல் ஏறினார்கள். 1984இல் போரோடு கப்பல் சேவை நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, போக வழியில்லாமல், இங்கேயும் உரிமையில்லாமல் 80,000க்கும் மேற்பட்டவர்கள் நின்றுபோனார்கள்.

அடையாள அட்டை 1972இலிருந்து வந்தது. பிரஜை இல்லாதவருக்கு அது இல்லை. அட்டை இல்லாமல் அரசாங்க வேலை இல்லை, வங்கியில் கஷ்டம், 80களின் சோதனைச் சாவடிகளில் அதைவிடக் கஷ்டம். 1986இலும் 1988இலும் வந்த சட்டங்கள் ஒரு பகுதியினருக்கு வழி திறந்தன. கடைசியாக 2003 அக்டோபரில், 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனத்தின் உதவியோடு தோட்டம் தோட்டமாகப் படிவம் நிரப்பி, சில நாட்களுக்குள் 1,90,000 பேருக்கு மேல் பிரஜைகளானார்கள்.

1948இலிருந்து 2003 வரை 55 வருடம். நாடற்றவராகப் பிறந்து, பள்ளிக்கூடம் போய், கொழுந்தெடுத்து, பென்ஷன் வயதைத் தொட்ட பிறகு தாள் கிடைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 55 வருடம் தேங்கியதை, கொடுக்க மனம் வந்தபோது சில நாட்களில் கொடுக்க முடிந்தது. பைலில் இருந்த குறையாலா அத்தனை வருடம் போனது? நீங்களே சொல்லுங்கள்.

*மீரியபெத்த*

2014 அக்டோபர் 29 காலை. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு ஐம்பது வருடம் நிறைய ஒரே ஒரு நாள் இருந்தது. மீரியபெத்த மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை.

அங்கேயும் ஒரு காத்திருப்பு இருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போ என்று சொன்னார்கள், போக இடம் கொடுக்கவில்லை. மண்சரிவுக்குப் பிறகு பாடசாலைகளிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கிய சனத்துக்கு, பூனாகலைப் பக்கம் கட்டிய 75 வீடுகள் கிடைக்க 2016 ஆனது.

அன்று மண்ணுக்குள் போனவற்றில் பெட்டிகளும் உண்டு. அந்தப் பெட்டிகளில் தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், அம்மாவின் விவாகப் பதிவு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு எல்லாம் இருந்தன. இரண்டு தலைமுறை காத்திருந்து வாங்கிய தாள்கள். அன்று ஐந்து ஆறு வயதில் பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள்தான் இப்போது உயர்தரப் பருவத்தில் இருக்கிறார்கள்.

*இன்றைய வரிசை*

பக்கத்து ஊர்க் கதை ஒன்று. 2020 பெப்ரவரி 1ஆம் திகதி சீனாவின் வூஹானிலிருந்து 33 இலங்கை மாணவர்களைக் கொண்டுவந்து, நம் தியத்தலாவை இராணுவ முகாமில் இரண்டு வாரம் தனிமைப்படுத்தி வைத்தார்கள். ஊரே பயந்தது. நாட்டிலேயே முதல் தனிமைப்படுத்தல் அதுதான். மண்டபம் முகாமில் நம்மவர்கள் இருந்த மாதிரியே. அடுத்த மாதம் சீனா வெளிநாட்டவருக்கு எல்லையை மூடியது. மாணவர் விசா மறுபடி வழங்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டில்தான். சீனாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டரை வருடம் போன் திரையில் பாடம் கேட்டார்கள். அவுஸ்திரேலியாவும் 2020 மார்ச் முதல் 2021 டிசம்பர் வரை மாணவர்களுக்கு மூடியே இருந்தது.

பிறகு நம் நாட்டு நெருக்கடி. 2022 மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. விசாவுக்காக வங்கியில் காட்டிய காசு, முடிவு வருவதற்குள் பாதிக்குக் கொஞ்சம் மேலாகச் சுருங்கியது. காத்திருப்புக்கு ஒரு விலை இருக்கிறது. வசதி உள்ள வீடு அதைத் தாங்கும். கொழுந்துச் சம்பளத்தில் கடன் வாங்கிய வீட்டுக்கு ஒவ்வொரு மாதமும் வட்டி.

2025 மே மாதக் கடைசியில் அமெரிக்கா மாணவர் விசா நேர்முகத்துக்குப் புதுத் திகதி கொடுப்பதை நிறுத்தியது. ஜூன் நடுப்பகுதியில் மறுபடி தொடங்கியபோது, சமூக ஊடகக் கணக்குகளைத் திறந்து காட்டச் சொன்னார்கள். விண்ணப்பித்த பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. விதி நடுவழியில் மாறியது.

*இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுக்க வேண்டியவை*

ஒன்று. காத்திருக்கும்போது படிப்பை நிறுத்த வேண்டாம். நம் முன்னோருக்கு அந்தத் தாள் பிந்தியதைவிடப் பெரிய நட்டம், தாள் வரும் வரைக்கும் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்ததால் வந்தது. அவர்களுக்கு வேறு வழியில்லை, நமக்கு இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி, வெளிவாரிப் பட்டம் எல்லாம் இருக்கின்றன. விசா வந்தால் போங்கள். வராவிட்டாலும் ஒரு வருடம் வெறுமையாகப் போயிருக்கக் கூடாது.

இரண்டு. பெயரைச் சரிபாருங்கள். நம் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பெறுபேற்றில் மூன்றாவது. துரை ஒரு மாதிரி எழுதினார், பதிவாளர் இன்னொரு மாதிரி எழுதினார். அடையாள அட்டைக்குப் பாடசாலையில் விண்ணப்பிக்கும் வயதிலேயே இதைத் திருத்திவிட்டால், விசா நேரத்தில் ஓடத் தேவையில்லை.

மூன்று. முகவரி. லயத்துக்கு வீதிப் பெயரும் இலக்கமும் இல்லாததால் கடிதம் தோட்ட ஆபிசுக்குப் போய், அங்கிருந்து எப்போதாவது கைக்கு வருகிறது. நேர்முகக் கடிதம் திகதி முடிந்து கிடைத்த கதைகள் மலையகம் முழுக்க உண்டு. வீட்டுக்கு இலக்கமும் முகவரியும் கேட்பதைச் சும்மா ஆசை என்று நினைக்காதீர்கள். அது கல்வி உரிமையின் ஒரு பகுதி.

நான்கு. பொய்த் தாள் வேண்டாம். "பேங்க் பெலன்ஸ் நான் காட்டுறேன், நீங்க காசை மட்டும் தாங்க" என்று வருகிறவர்களை நம்பாதீர்கள். பொய் ஆவணம் பிடிபட்டால் கனடா 5 வருடம், பிரித்தானியா 10 வருடம் வரை கதவை மூடும். தாமதமான தாளுக்கு மருந்து உண்டு. பொய்த் தாளுக்கு இல்லை.

ஐந்து. எல்லாத் தாளுக்கும் பிரதி எடுத்து, போனிலும், வேறு ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் வீட்டிலும் வையுங்கள். மலைக்குக் கீழே இருக்கிறவர்கள் நாம். இதை ஏன் சொல்கிறேன் என்று மீரியபெத்தவில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஊரவர்களுக்கும் ஒன்று. காத்திருக்கும் பிள்ளையைப் பார்த்து "இன்னும் போகலையா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். நம் தாத்தா பாட்டியைப் பார்த்து "கள்ளத்தோணி" என்று கேட்டவர்களும் தாள் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள், ஆளைப் பார்க்கவில்லை. தாள் வராத பிள்ளை தோற்ற பிள்ளை கிடையாது. "இப்ப என்ன படிக்கிற?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அதற்கு ஏதாவது இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய தாள் ஏதாவது இருந்தால், பிரஜாவுரிமைச் சான்றிதழ், இந்தியப் பாஸ்போர்ட், கண்டியிலிருந்து வந்த கடிதம், எதுவானாலும் தூக்கிப் போடாமல் போட்டோ எடுத்து வையுங்கள். அந்தத் தாளுக்கு எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்று வீட்டில் மூத்தவரிடம் கேட்டு, கீழே எழுதுங்கள். இலக்கங்கள் மறைத்துப் போடுங்கள். நம் பிள்ளைகளின் வரலாற்றுப் புத்தகத்தில் இவ்வளவும் இல்லை. நாமே எழுதி வைத்தால்தான் உண்டு.